ஹாரர் ஃபிகர்: மண்டைக்கு மார்க்கா, பெயின்டுக்கு மார்க்கா?

களிமண்கை (இழையைத் தொடங்கியவர்)

இங்கே வரும் விமர்சனங்கள் பெரும்பாலும் "செம பீஸ்", "அப்படியே படத்துல இருக்குற மாதிரி" என்பதோடு நின்றுவிடுகின்றன. ஹாரர் ஃபிகருக்கு, அதாவது திகில் படப் பாத்திரங்களின் சேகரிப்புப் பொம்மைக்கு, அது போதாது. சூப்பர்ஹீரோ ஃபிகரில் நடிகரின் முகத்தைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது. ஹாரரில் பிடிக்க வேண்டியது அந்த முகத்தின் மேல் ஏறிய மேக்கப்பை, இல்லையென்றால் முகமூடியை. அதையும் ஒளிப்பதிவாளர் பாதி இருட்டில்தான் காட்டியிருப்பார். வெளிச்சமான அலமாரியில் நிற்கும் 30 செ.மீ. பொம்மை எதற்கு உண்மையாக இருக்க வேண்டும்? மேக்கப் நாற்காலியில் இருந்ததற்கா, திரையில் தெரிந்ததற்கா?

என் மதிப்பீட்டு முறை இது. குறை சொல்லுங்கள்.

ஸ்கல்ப்ட் (செதுக்கிய வடிவம்) 40, நிற்கும் விதம் 20, பெயின்ட் 20, படத்தோடு பொருத்தம் 10, தயாரிப்பு 10.

பார்க்கும் வரிசைதான் மார்க்கை விட முக்கியம். முதலில் ஃபிகரின் பின்னால் விளக்கை வைத்து நிழலுருவம் மட்டும் பாருங்கள். யாரென்று அதிலேயே தெரிய வேண்டும். அடுத்து போனில் கறுப்பு-வெள்ளை ஃபில்டர் போட்டு, ஒரே ஒரு விளக்கை மேலே, பக்கவாட்டில், கீழே என்று நகர்த்துங்கள். நிறம் போனபின் நிற்பதுதான் ஸ்கல்ப்ட். பெயின்டைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும். முதலில் பார்த்தால் கண் அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.

தூரமும் முக்கியம். படத்தின் குளோசப் சுமார் 2 மீட்டரிலிருந்து எடுக்கப்பட்டது என்று வைத்துக்கொண்டால், 1/6 ஸ்கேலுக்கு (நிஜத்தில் ஆறில் ஒரு பங்கு) 33 செ.மீ., 1/4க்கு 50 செ.மீ., 7 இஞ்ச் ஃபிகருக்கு ஏறக்குறைய 20 செ.மீ. தூரத்தில் கேமரா இருக்க வேண்டும். போனை மூக்குக்கு 8 செ.மீ. அருகே கொண்டுபோய் எடுத்துவிட்டு "மூக்கு பெருசா இருக்கு, காது காணோம்" என்று திட்டுவது சிற்பிக்குச் செய்யும் அநியாயம். அந்தக் கோணலை உண்டாக்கியது உங்கள் கை.

---

ரப்பர்முகமூடி

வரிசை எல்லாம் சரிதான் சார், ஆனா ஸ்கல்ப்டுக்கு 40ன்னா ஹாலோவீன் படத்து முகமூடிக் கொலைகாரன் மைக்கேல் மையர்ஸ் என்ன பண்ணுவாரு?

1978 ஹாலோவீன் முகமூடியோட கதை எல்லாருக்கும் தெரியும். கடையில கிடைச்ச கேப்டன் கிர்க் முகமூடி (ஸ்டார் ட்ரெக்ல வில்லியம் ஷாட்னர் நடிச்ச பாத்திரம்), டான் போஸ்ட் ஸ்டூடியோஸ் செஞ்சது. படத்தோட புரொடக்‌ஷன் டிசைனர் டாமி லீ வாலஸ் அதுல புருவத்தையும் கிருதாவையும் எடுத்துட்டு, கண் ஓட்டைய பெருசாக்கி, வெள்ளை அடிச்சாரு. அவ்வளவுதான். முகத்துல ஒண்ணுமே இல்லாம இருக்கணும்ங்கறதுதான் டிசைன். பயமுறுத்துனது ஒளிப்பதிவாளர் டீன் கண்டியோட லைட்டிங். நாயகி லாரி (Laurie) சுவரோரம் நிக்கறப்போ பின்னாடி இருட்டுல அந்த வெள்ளை முகம் மெல்ல மெல்ல தெரிய வருமே, அது டிம்மர்ல விளக்கை ஏத்துனது. ரப்பருக்கு அதுல பங்கே இல்லை.

இப்போ அந்த முகமூடிய அச்சு அசலா 1/6ல செஞ்சு ட்யூப்லைட் கீழ வச்சா, மாவு பூசின வில்லியம் ஷாட்னர்தான் நிப்பாரு. அதனாலதான் சில கம்பெனிக கண்குழிய ஆழமாக்கி, கன்னத்துக்குக் கீழ சாம்பல் ஏர்பிரஷ் போடறாங்க. அது ஏமாத்துன்னு சொல்லுவீங்களா? என் கணக்குல அதுதான் கலை. லைட்டையும் சேத்து பொம்மைக்குள்ள வச்சிருக்கான்.

படத்தோட பொருத்தத்துக்கு வெறும் 10 மார்க்ங்கறதும் ரொம்பக் கம்மி. அதுக்கு அப்புறம் வரேன்.

---

சாம்பல்_ப்ரைமர்

கண்குழியை ஆழமாக்குவதும் கன்னத்தில் சாம்பல் அடிப்பதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டீர்கள்.

ஆழமாகச் செதுக்கிய குழி எந்த விளக்குக்கும் பதில் சொல்லும். மேலிருந்து வெளிச்சம் வந்தால் கண் மறையும், கீழிருந்து வந்தால் இமை தெரியும். பெயின்டால் போட்ட நிழல் ஒரே ஒரு விளக்கைத்தான் நம்பியிருக்கிறது. டார்ச்சைத் தாடைக்குக் கீழே பிடியுங்கள். மேல்வெளிச்சத்துக்காக அடித்த சாம்பல், வெளிச்சம் நேராக விழும் இடத்திலும் கறையாக நிற்கும். அந்த நொடியில் முகம் அழுக்கு முகமாகிவிடும். சிறிய ஸ்கேலில் கொஞ்சம் நிழல் சேர்க்கத்தான் வேண்டும். குழி சிறிதாகச் சிறிதாக அறை வெளிச்சம் உள்ளே பரவி நிழலைத் தின்றுவிடும், உண்மைதான். ஆனால் அதன் அளவு, அடிப்படை நிறத்தை விட ஒன்றரைப் படி இருட்டு. அதற்கு மேல் போனால் சிற்பத்தின் குறையைப் பெயின்டர் மூடுகிறார் என்று அர்த்தம்.

இதே சிக்கல் ஃபிராங்கன்ஸ்டைன் பூதத்திலும் உண்டு. 1931 படம் கறுப்பு-வெள்ளை. மேக்கப் கலைஞர் ஜாக் பியர்ஸ், பூதமாக நடித்த போரிஸ் கார்லாஃபின் முகத்தில் பூசியது பச்சை கலந்த சாம்பல் கிரீஸ் பெயின்ட். அந்தக் கால ஃபிலிமில் பிணத்தின் வெளிறல் வரவேண்டும் என்பதற்காகப் பூசியது. திரையில் யாரும் பச்சையைப் பார்க்கவில்லை. ஆனாலும் கடையில் நிற்கும் பூதம் முக்கால்வாசி இலைப்பச்சை. பச்சை ஃபிகரை நான் தள்ளுவதில்லை, விளம்பரத்திலும் பொம்மையிலும் பல தலைமுறையாக வந்த மரபு அது. ஆனால் எந்தப் பச்சை என்று பார்ப்பேன். நல்ல பெயின்டர் சாம்பலில் தொடங்கி, இமையிலும் உதட்டோரத்திலும் ஊதா, காது மடலிலும் விரல் நுனியிலும் மங்கிய பழுப்பு என்று மெல்லிய அடுக்குகளாக ஏற்றி, பச்சையைக் கடைசியில் கண்ணாடி போல ஓடவிடுவார். மோசமான வேலையில் பச்சை தட்டையாக அடிக்கப்பட்டு, அதன் மேல் கறுப்பு வாஷ் (நீர்த்த பெயின்ட்) ஓடியிருக்கும். அந்த வாஷ் சுருக்கத்தில் மட்டும் தங்காமல் சமதளத்திலும் திட்டுத் திட்டாகக் காய்ந்து கிடக்கும்.

கறுப்பு-வெள்ளைப் பெயின்டில் வரும் ஃபிகருக்குத் தனி அளவுகோல் வேண்டும். அங்கே நிறம் காப்பாற்ற வராது. வெறும் கறுப்பையும் வெள்ளையையும் கலந்த சாம்பல் லேசாக நீலம் அடிக்கும். துளி பழுப்பு சேர்த்தால்தான் பழைய பிரின்ட் போலிருக்கும். அதைவிட முக்கியம் பளபளப்பு. தோல் அரை மேட், கோட்டு முழு மேட், கழுத்தின் மின்முனைகள் மட்டும் உலோக மினுக்கு. சாம்பலுக்குள் பொருளுக்குப் பொருள் வித்தியாசம் காட்ட இருக்கும் ஒரே வழி அதுதான்.

---

புதுவரவு_07

வணக்கம். நான் இப்போதான் வாங்க ஆரம்பிச்சிருக்கேன். கண்ணு மட்டும் எப்படிப் பார்க்கணும்னு யாராவது சொல்ல முடியுமா? சில ஃபிகர்ல எல்லாமே நல்லா இருந்தும் முழிச்சிட்டு நிக்குற மாதிரி இருக்கு. ஏன்னு புரியல.

---

சாம்பல்_ப்ரைமர்

மனிதக் கருவிழி ஏறக்குறைய 12 மி.மீ. 1/6ல் அது 2 மி.மீ., 7 இஞ்ச் ஃபிகரில் 1.2 மி.மீ. இரண்டு கண்பாப்பாக்களுக்கும் இடையே 1/6ல் சுமார் 10.5 மி.மீ. இந்த அளவில் கால் மி.மீ. தள்ளிப்போனாலே மாறுகண்.

முழிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் மேல் இமை. இயல்பாக இருக்கும்போது மேல் இமை கருவிழியின் உச்சியைக் கொஞ்சம் மூடியிருக்கும், கீழ் இமை அடிவிளிம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். கருவிழிக்கு மேலே வெள்ளை தெரிந்தால் அது திடுக்கிட்ட முகம். ஃபிரெடி (எல்ம் ஸ்ட்ரீட் படங்களின் கத்திவிரல் கொலைகாரன்) துள்ளும் போஸில் அது பொருந்தும், டிராகுலா நிதானமாக நிற்கும்போது பொருந்தாது. வெண்விழியும் தாள் வெள்ளையாக இருக்கக் கூடாது. லேசான சாம்பலோ தந்தமோ இருக்க வேண்டும், மேல் இமையின் அடியில் மெல்லிய நிழல்கோடு வேண்டும். பெயின்டால் வைத்த வெள்ளைப் புள்ளி, மேலே பளபளப்பு வார்னிஷ் என்று இரண்டையும் சேர்த்துவிட்டால் ஒரு கண்ணில் இரண்டு ஒளிப்புள்ளி விழும். ஏதாவது ஒன்று போதும்.

முகத்தை அச்சடித்து வரும் ஃபிகரில் லென்ஸ் வைத்துப் பாருங்கள், சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். அது குறையல்ல. அச்சு, சிற்பத்தின் இமை விளிம்போடு ஒட்டி விழுந்திருக்கிறதா என்பதே கேள்வி. அரை மி.மீ. கீழே இறங்கிவிட்டால் இமை ஒரு இடம், கண் ஒரு இடம்.

நம் ஊர்ச் சிற்பிகள் கண் திறப்பதைக் கடைசிக்கு வைப்பதில் சடங்கோடு கைப்பக்குவமும் இருக்கிறது. மற்ற எல்லாம் முடிந்தபின்தான் பார்வை எந்தப் பக்கம் போகிறது என்பது தெரியும்.

---

வார்ப்புக்கூடம்

ஒன்றை யாரும் கேட்கவில்லை. நீங்கள் மார்க் போடுவது யாருக்கு? விளம்பரப் படத்தில் இருப்பது பெரும்பாலும் கையால் பெயின்ட் செய்த ப்ரோட்டோடைப் (முதல் மாதிரி). கைக்கு வருவது அச்சிலிருந்து வந்தது. நடுவில் எவ்வளவு தொலைகிறது என்று தெரியாமல் சிற்பியைத் திட்டவும் கூடாது, புகழவும் கூடாது.

பின்ஹெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெல்ரெய்சர், 1987. தலையில் கட்டம் கட்டமாகக் கோடு, கோடுகள் வெட்டும் இடத்தில் ஆணி. ஆணி ஒவ்வொன்றும் அந்த இடத்து மண்டைத் தோலுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும், அதாவது நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் விரிய வேண்டும். இரண்டு துண்டு ஸ்டீல் அச்சில் அது நடக்காது. அச்சு எந்தத் திசையில் திறக்கிறதோ அந்தத் திசைக்கே ஆணிகள் எல்லாம் வாரிவிட்ட மாதிரி சாய்ந்திருக்கும், இல்லாவிட்டால் தலையைப் பல துண்டாகப் பிரித்து ஒட்ட வேண்டும். காதுக்கு மேலே இருக்கும் ஆணிகளைப் பாருங்கள். அவை நெற்றியாணிகளுக்கு இணையாக முன்னோக்கி நீட்டிக்கொண்டிருந்தால், செலவை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். வார்த்த ஆணி தடிமனாகவும் இருக்கும், மெலிதாக வார்த்தால் பிவிசி வளைந்துவிடும். உலோக ஆணியைத் தனித்தனியாகக் குத்தியிருந்தால் உயரம் ஒன்றுபோல் இருக்கிறதா, அடியில் பசை வழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பொதுவாக அச்சில் தொலைவது மூன்று: காதின் பின்புறம், நாசித் துளை, வாய்க்குள் பல்லுக்குப் பின்னால் இருக்க வேண்டிய இருட்டு. பிதுங்கிய உதட்டுக்கு அடியில் இருக்கும் குடைவை அச்சுக்காரர் நிரப்பிவிடுவார், இல்லையென்றால் பீஸ் அச்சை விட்டு வெளியே வராது. அச்சு சேரும் கோடு தலையில் எங்கே போகிறது என்பதிலும் ஒரு கைத்திறன் உண்டு. காதின் பின்னாலோ முடிக்குள்ளோ ஒளிந்தால் நல்ல வேலை. நடு நெற்றியில் இறங்கினால் தயாரிப்புக்குப் பூஜ்யம் போடுங்கள், நான் எதிர்க்க மாட்டேன்.

பாலிஸ்டோன் (கல்தூள் கலந்த ரெசின்) சிலையில் கதை வேறு. சிலிகான் அச்சு வளையும் என்பதால் குடைவுகள் பிழைக்கும். அங்கே எதிரி காற்றுக்குமிழி. மூக்கு நுனி, விரல் நுனி, கோரைப்பல் முனை ஆகிய மூன்றிலும் டார்ச் அடித்துத் தேடுங்கள். அடைத்து மணல்தாள் தேய்த்திருந்தால், சுற்றியிருக்கும் தோல் சுருக்கம் அந்த இடத்தில் மட்டும் வழுவழுப்பாக இருக்கும்.

ரீகாஸ்டுக்கு (திருட்டு நகலுக்கு) மார்க் கொடுக்கவே வேண்டாம். விற்கும் ஒரு பீஸிலிருந்து திரும்ப அச்செடுத்தது என்பதால் அளவு கொஞ்சம் சுருங்கி, தோலின் நுண்கோடுகள் சோப்பு தேய்ந்ததுபோல் மழுங்கியிருக்கும். அதை வைத்து அசல் சிற்பியை எடைபோட முடியாது.

---

களிமண்கை

@வார்ப்புக்கூடம் சொன்னதை ஏற்கிறேன். இனி ப்ரோட்டோடைப், விற்பனைப் பீஸ் என்று இரண்டு பத்தியாகப் போடலாம். விற்பனைப் பீஸ் என்றால் குறைந்தது மூன்று பெட்டிகளின் படத்தையாவது பார்க்க வேண்டும். ஒன்றில் உதடு வழிந்திருந்தால் விபத்து, மூன்றிலும் வழிந்திருந்தால் பெயின்ட் தடுப்புத் தகடே தவறு.

கணினியில் செதுக்குவது வந்தபின் புதிதாக வந்திருக்கும் நோய் ஒன்றையும் சேர்க்க வேண்டும். தோல் துளை. 1/6ல் உண்மையான தோல் துளை கண்ணுக்கே தெரியாது. அதைக் காட்டுவது ஒரு மரபுதான், பெரிதாக்கித்தான் காட்ட முடியும். பெரிதாக்கினாலும் மூக்கிலும் கன்னத்திலும் துளை, நெற்றியில் கோடு, இமையில் மெல்லிய மடிப்பு என்று இடத்துக்கு இடம் மாற வேண்டும். ஒரே முத்திரையை முகம் முழுக்க உருட்டினால் ஆரஞ்சுத் தோல்தான் கிடைக்கும். கறுப்பு-வெள்ளை ஃபில்டரில் அது ஒரே நொடியில் மாட்டிக்கொள்ளும்.

நிற்கும் விதத்துக்கு ஏன் 20 என்று இரண்டு பேர் தனிமடலில் கேட்டார்கள். ஃபிராங்கன்ஸ்டைன் பூதத்தைக் கைகளை முன்னால் நீட்டி நடக்கவிடுகிறார்கள் அல்லவா, 1931 கார்லாஃப் நடை அதுவல்ல. அந்த நடை 1943ல் பேலா லுகோசி பூதமாக நடித்த படத்தோடு வந்தது. அந்தக் கதையில் பூதத்துக்குப் பார்வை கிடையாது, அதனால் துழாவுகிறது. காரணம் சொல்லும் வசனங்கள் வெட்டப்பட்டதால் நடை மட்டும் மிஞ்சிவிட்டது. கார்லாஃப் கையை உயர்த்துவது மேலிருந்து விழும் வெளிச்சத்தைப் பிடிக்க. உள்ளங்கை திறந்து, முகம் அண்ணாந்து, குழந்தை நிலாவுக்குக் கை நீட்டுவதுபோல. கார்லாஃப் முகத்தில் லுகோசியின் நடையை ஒட்டினால் ஸ்கல்ப்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அங்கே இரண்டு படம் நிற்கிறது.

எடையையும் சோதிக்கலாம். கழுத்துக் குழியிலிருந்து ஒரு நூல்குண்டு தொங்கவிடுங்கள். நிற்கும் உருவத்தில் அது இரண்டு பாதங்களுக்கு நடுவிலோ, எடை தாங்கும் பாதத்தின் மேலோ விழ வேண்டும். வெளியே விழுந்தால் பேஸில் இருக்கும் கம்பிதான் அதை நிறுத்தி வைத்திருக்கிறது.

இதற்கு விலக்கு சடாகோ என்ற பேய். 1998 ஜப்பானிய ரிங் படத்தில் அந்த நடையை நடிகையைப் பின்னோக்கி நடக்கவைத்துப் படம்பிடித்து, திருப்பி ஓட்டினார்கள். ஆகவே எடை மாறும் வரிசையே தலைகீழ். அடி எடுத்து வைக்கும் முன்பே உடம்பு சாய்ந்துவிட்டது போன்ற சங்கடம் ஃபிகரில் இருந்தால் அது சிற்பியின் வெற்றி. சுத்தமாக நடக்கும் சடாகோ, வெள்ளை நைட்டி போட்ட பெண், அவ்வளவே. முடியிலும் இதே பேச்சு. நூல்முடி வைத்தால் இந்த ஸ்கேலில் அதற்கு எடை இல்லாததால் உப்பிக்கொண்டு நிற்கும். கனமான ஈர முடியாகத் தொங்க, செதுக்கிய முடிதான் சரி.

---

ரப்பர்முகமூடி

இப்ப என் பேச்சுக்கே வந்துட்டீங்க சார்! "இரண்டு படம் நிற்கிறது"ன்னீங்களே, அதுக்குத்தான் 10 பத்தாதுங்கறேன்.

ஃபிரெடிய எடுங்க. 1984 முதல் படத்துல ஸ்வெட்டர் கையில பட்டை கிடையாது, வெறும் சிவப்பு. பட்டை கைக்கு இறங்குனது 1985 இரண்டாம் பாகத்துலதான். முதல் படத்து மேக்கப் டேவிட் மில்லர், அடுத்ததுல கெவின் யாகர் வந்து முகத்தையே மாத்திட்டாரு. பெட்டியில 1984ன்னு போட்டு, கையில பட்டையும் யாகர் முகமும் இருந்தா எங்க போய் முட்டிக்கறது? 1994 படத்துல கட்டைவிரலுக்கும் கத்தி வந்து அஞ்சாச்சு, அதுவரைக்கும் நாலுதான். ஃப்ரைடே த தர்ட்டீன்த் ஜேசன்ல ஹாக்கி முகமூடி வந்ததே மூணாம் பாகத்துல, 1982. இரண்டாம் பாகத்துல சாக்குப்பை. நெத்தியில கோடாலி வெட்டு மூணாம் பாகத்து கடைசியில விழுந்தது. ஏலியன்ல 1979 தலைக்கு மேல வழுவழுப்பான கண்ணாடி மாதிரி மூடி, 1986 படத்துல மூடி இல்லாம வரிவரியான மண்டை.

ஃபிராங்கன்ஸ்டைன்லயே இருக்கு. 1931ல கார்லாஃப் தன்னோட பல் செட்ட கழட்டி வச்சுட்டு நடிச்சாரு, அதனால வலது கன்னம் குழி. 1935ல பூதம் பேசணும், செட்ட கழட்ட முடியல, கன்னம் நிரம்பிடுச்சு. முடியும் தீயில கருகி ஒட்ட வெட்டுன மாதிரி இருக்கும். 1935ன்னு பேர் போட்டு கன்னத்துல குழி போட்டிருந்தா, செஞ்சவன் போட்டோ பாத்தானே தவிர படத்த பாக்கல.

இன்னொண்ணு, ரத்தம். 1978 ஹாலோவீன்ல ரத்தம் ரொம்பக் கம்மி. மையர்ஸ் கத்தியில கெட்சப் ஊத்துன மாதிரி இருந்தா, அது வாங்கறவன் மேல இருக்கற அவநம்பிக்கை.

---

களிமண்கை

சரி, ஒப்புக்கொள்கிறேன். பொருத்தம் 20, பெயின்ட் 15, நிற்கும் விதம் 15. ஸ்கல்ப்ட் 40ஐத் தொட மாட்டேன். ஸ்வெட்டர் பட்டை தவறினால் 3 மார்க் போகும், மண்டை தவறினால் ஃபிகரே போகும்.

---

வார்ப்புக்கூடம்

துணி பற்றி நான்கு வரி. 1/6ல் ஸ்வெட்டர் பின்னலின் ஒரு கண்ணி 1 மி.மீ. இருந்தால் நிஜத்தில் அது 6 மி.மீ. மீன்வலை போட்டதுபோல் இருக்கும். துணி தோளிலிருந்து கூடாரம்போல் விறைத்து நின்றால், துணி தடிமன், தையல் மடிப்பு அதைவிடத் தடிமன். 7 இஞ்சில் துணியே வேண்டாம், செதுக்கியது மேல்.

செயற்கைத் தோல் உடுப்பு, குறிப்பாகப் பின்ஹெட் அங்கி, எங்கே வைத்தாலும் சில வருடத்தில் உரியும் ஆபத்து உண்டு. அதன் பியூ (பாலியூரிதேன்) பூச்சு காற்றின் ஈரத்தால் சிதையும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் மாதிரி கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம். பெட்டிக்குள் பிளாஸ்டிக் சுற்றி அடைக்காதீர்கள். சிலிகா ஜெல் போட்டாலும் அவ்வப்போது சூடாக்கி உலர்த்தினால்தான் வேலை செய்யும். சிலையாகச் செய்பவர் அதே அங்கியைச் செதுக்கியே கொடுத்திருந்தால் தயாரிப்பில் ஒரு மார்க் கூடுதலாகப் போடுவேன். மெல்லிய கணுக்காலில் முழு எடையையும் வைத்த பிவிசி ஃபிகருக்கு ஒரு மார்க் குறைப்பேன், கோடையில் முன்னால் சாயப் போவது உறுதி. சாய்ந்தால் வெந்நீரில் சில நிமிடம் வைத்து, நிமிர்த்திப் பிடித்து, குளிர்ந்த நீரில் இறுக்கலாம். ஆனால் உள்ளே கம்பி இல்லையென்றால் திரும்பவும் சாயும்.

---

புதுவரவு_07

நன்றி எல்லாருக்கும். ஒரே ஒரு சந்தேகம். மையர்ஸ்ல கண் ஓட்டைக்குள்ள கண்ணு தெரியணுமா, இல்ல கறுப்பா இருந்தா போதுமா? ரெண்டு மாதிரியும் விக்கறாங்க.

---

சாம்பல்_ப்ரைமர்

படத்தில் பெரும்பாலும் இருட்டுதான் தெரிகிறது. எனவே கறுப்பு தவறில்லை. ஆனால் அது ஓட்டையாக இருக்க வேண்டும், கறுப்பு வட்டமாக இருக்கக் கூடாது. 1/6ல் குறைந்தது 3 மி.மீ. ஆழம், உள்ளே முழு மேட் கறுப்பு, விளிம்பில் ரப்பரின் தடிமன் வெள்ளையாகத் தெரிய வேண்டும். போன் டார்ச்சை நேர் முன்னால் பிடித்து ஒரு படம் எடுங்கள். உள்ளே தரை பளிச்சிட்டால் மேலாகத் தோண்டிப் பெயின்ட் அடித்தது. கண் வைத்த ஃபிகர் என்றால் கண் முகமூடிக்கு உள்ளே 2 மி.மீ.யாவது தள்ளி இருக்க வேண்டும். விளிம்போடு ஒட்டியிருந்தால் முகமூடி போட்ட ஆள் போய், வெள்ளை முகம் உள்ள ஆள் வந்துவிடுவார்.

---

ரப்பர்முகமூடி

அப்படியே பக்கவாட்டுலயும் ஒரு படம் எடுங்க தம்பி. கழுத்துல முகமூடி விளிம்பு தோல விட்டுத் தள்ளி நிக்குதான்னு பாக்கணும். ஒட்டிப்போய் இருந்தா கண்ண பாக்கவே தேவையில்ல.